வாங்கும் முன் சுட்டுப் பார்: தட்டு சுடப் போகும் தங்கைகளுக்கு

"அக்கா, எந்தத் துப்பாக்கி வாங்கட்டும்?" என்று கேட்கிற தங்கைகளுக்கு என் பதில் ஒன்றுதான். இப்போதைக்கு எதையும் வாங்காதே. இரவல் துப்பாக்கியில் சுடு. நாலைந்து மாதம் கழித்து வா, பேசுவோம்.

இதைச் சொன்னதும் முகம் சுருங்கிவிடும். எனக்குத் தெரியும். இங்கிலாந்துக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்த நம் பிள்ளைகள், ஆபீஸ் நண்பர்களோடு ஒரு சனிக்கிழமை க்ளே ஷூட்டிங் போவார்கள். பத்துத் தட்டில் மூன்று உடையும். அந்த மூன்று போதும், ராத்திரியே போனில் துப்பாக்கி விலை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். வீட்டில் ஒரு மாவு மெஷின் வாங்க ஆறு கடை ஏறி இறங்குகிறவள்கூட, ஆயிரக்கணக்கான பவுண்டு துப்பாக்கியைப் படத்தைப் பார்த்து முடிவு செய்கிறாள்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி. க்ளே என்று பெயர்தானே தவிர இப்போது அதில் களிமண் கிடையாது. தாரும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்து வார்த்த தட்டு. 110 மில்லிமீட்டர் அகலம், சுமார் 105 கிராம் எடை. "புல்" என்று குரல் கொடுத்தால் மெஷின் அதை வீசும். நீ ஷாட்கன்னால் சுட வேண்டும். ஒரு தோட்டாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட ரவைகள் ஒன்றாகக் கிளம்பிப் போகும். ஒரு காலத்தில் உயிருள்ள புறாக்களைத்தான் பெட்டியிலிருந்து பறக்கவிட்டுச் சுட்டார்கள். 1921-இல் பிரிட்டனில் சட்டம் போட்டு அதை நிறுத்தினார்கள். இன்றைக்கு உடைவது வெறும் தட்டு என்பதால்தான் நானும் நிம்மதியாகப் போகிறேன்.

ஊரில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் டிராப் பிரிவில் சுட்டதைப் பார்த்து உனக்கும் ஆசை வந்திருந்தால், அங்கே வழி வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், லைசென்ஸ், ரைஃபிள் கிளப் உறுப்பினர் என்று அது தனிக் கதை. நான் சொல்லும் சட்டமும் நடைமுறையும் இங்கிலாந்துக்கு உரியவை. உடம்புக்கும் துப்பாக்கிக்கும் உள்ள பொருத்தம் பற்றிச் சொல்வது மட்டும் எந்த ஊருக்கும் செல்லும்.

சான்றிதழ் வரும்வரை சும்மா இருக்காதே

இங்கே சொந்தமாக ஷாட்கன் வைத்துக்கொள்ளப் போலீஸ் தரும் சான்றிதழ் வேண்டும். டாக்டரிடமிருந்து உடல்நல விவரம் போக வேண்டும், அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார், கட்டணமும் 2025 பிப்ரவரியில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். பலர் இந்த மாதங்களை வீணான காத்திருப்பு என்று நினைக்கிறார்கள். எனக்கு இதுதான் பொன்னான காலம். 1968-ஆம் ஆண்டு துப்பாக்கிச் சட்டத்தின் 11(6) பிரிவுப்படி, போலீஸ் அனுமதித்த இடத்தில், அனுமதித்த நேரத்தில், சான்றிதழ் இல்லாதவர்களும் தட்டுகளைச் சுடலாம். அதனால்தான் ஷூட்டிங் மைதானங்கள் புதியவர்களைக் கூப்பிட்டுக் கற்றுத்தர முடிகிறது. துப்பாக்கியையும் அவர்களே தருவார்கள்.

மைதானத் துப்பாக்கி என்று இளக்காரமாகப் பார்க்காதே. ஓரங்களில் கறுப்பு தேய்ந்து வெள்ளை தெரியும், கட்டையில் கீறல் இருக்கும். ஆனால் பெரும்பாலும் அவை பெரட்டா, பிரௌனிங், மிரோகு போன்ற நல்ல கம்பெனிகளின் ஸ்போர்ட்டர் ரகம், அதாவது பலவகைத் தட்டுகளுக்கும் பொதுவானது. நீ நாளைக்கு வாங்கப்போவதும் அநேகமாக அதே குடும்பத்தில் ஒன்றுதான். பயிற்சியாளரிடம், "போன தடவை கொடுத்ததை வேண்டாம், இன்றைக்கு வேறொன்று கொடுங்கள்" என்று கேள். தயங்காதே, அவர்களுக்கும் இது பிடிக்கும். ஒரு சின்ன நோட்டில் எழுதி வை. மாடல் பெயர், குழல் எத்தனை அங்குலம், கை எப்போது வலிக்க ஆரம்பித்தது, கன்னத்தில் இடித்ததா. எத்தனை தட்டு உடைந்தது என்பதைக் கடைசியில் எழுது. எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

நாலைந்து மாதம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. துப்பாக்கியைத் தோளுக்கும் கன்னத்துக்கும் கொண்டு வரும் அந்த அசைவு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வர வேண்டும். வராதவரை எந்த அளவும் உன் அளவு இல்லை. ஒரு தடவை தோள் எலும்பின் மேல், அடுத்த தடவை கைச்சதையின் மேல் என்று வைக்கிறவளுக்கு, ஆயிரம் பவுண்டு துப்பாக்கியும் பத்தாயிரம் பவுண்டு துப்பாக்கியும் ஒன்றுதான்.

கிளப்பில் பழகிவிட்டால் இன்னொரு வழி திறக்கும். தட்டு சுடுகிறவர்கள் தங்கள் துப்பாக்கியை அடுத்தவருக்குக் கொடுத்துப் பார்க்கச் சொல்வதில் தாராளமானவர்கள். "நல்லா இருக்கே" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கையில் திணித்துவிடுவார்கள். அப்போது சில மரியாதைகள் உண்டு. தோட்டா உன்னுடையதாக இருக்கட்டும். சேஃப்டி எந்தப் பக்கம், குழலைத் திறந்து மூடினால் சேஃப்டி தானாகப் பூட்டிக்கொள்ளுமா கொள்ளாதா என்று கேட்டுக்கொள். முதல் தடவை ஒரே ஒரு தோட்டா மட்டும் போடு. திருப்பித் தரும்போது குழலைத் திறந்து, காலியாக இருப்பது அவர் கண்ணுக்குத் தெரியும்படி கொடு. குழல் முனையில் ரவை பரவுவதைக் கட்டுப்படுத்தும் சோக்கைத் திருகிப் பார்க்காதே. இருவரிடமும் சான்றிதழ் இருந்தால், 72 மணி நேரம் வரை இரவல் கொடுத்து வாங்கப் போலீஸுக்கு எழுத வேண்டியதில்லை. ஒரு வார இறுதிக்கு அது தாராளம்.

முதலில் கண்ணைப் பார், பிறகு கட்டையை

இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு தூரத்தில் ஒரு விளக்குக் கம்பத்தை விரலால் காட்டு. இப்போது இடது கண்ணை மூடு. விரல் கம்பத்தின் மேலேயே நின்றால் உன் ஆளும் கண் வலது. விரல் தாவினால் இடது. வலது கைக்காரிக்கு இடது கண் ஆள்வது அபூர்வம் இல்லை, பெண்களிடம் இதைக் கூடுதலாகப் பார்ப்பதாகப் பயிற்சியாளர்கள் சொல்வார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் துப்பாக்கி பரிசோதிப்பது வெட்டி வேலை. வலது தோளில் வைத்து இடது கண்ணால் பார்க்கிறவள், தட்டுக்குப் பக்கத்தில் சுட்டுக்கொண்டே இருந்துவிட்டு, துப்பாக்கி சரியில்லை என்பாள். கண்ணாடியில் சின்னதாக ஒரு ஒட்டுத்தாள் ஒட்டலாம், ஒரு கண்ணைச் சுருக்கலாம், இல்லையென்றால் இடது தோளுக்கு மாறலாம். எதுவென்று பயிற்சியாளரோடு முதலில் முடிவு செய். இடது தோள் என்றால் இடதுக்கு வளைத்த கட்டைதான் வேண்டும். வலதுக்கு வளைத்ததை இடதில் வைத்துச் சுட்டுப் பார்ப்பதால் எதுவும் தெரியாது.

அடுத்தது கட்டை. ஸ்டாக் என்று சொல்கிற மரப்பகுதி. இதில்தான் நம் பெண்கள் ஏமாறுகிறார்கள். கடையில் தொங்கும் துப்பாக்கி, சராசரி ஐரோப்பிய ஆண் உடம்புக்கு அளவெடுத்தது. ட்ரிகரிலிருந்து கட்டையின் முனைவரை 14½ முதல் 14¾ அங்குலம் இருக்கும். ஐந்தடி இரண்டு அங்குலம் உயரமுள்ள உனக்கு 14-க்கும் குறைவாகவே தேவைப்படலாம். நீளம் மட்டும் இல்லை. கன்னம் படியும் மேல் விளிம்பு எவ்வளவு தாழ்ந்திருக்கிறது, கட்டை பக்கவாட்டில் எவ்வளவு வளைந்திருக்கிறது, தோளில் படும் முனை எந்தச் சாய்வில் இருக்கிறது, எல்லாமே கணக்கு. கழுத்து நீளமான பெண்ணுக்கு மேல் விளிம்பு உயர வேண்டும். மார்பில் கட்டையின் கீழ்முனை குத்தினால் சாய்வை மாற்ற வேண்டும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு மாதக்கணக்கில் வலியோடு சுடுகிறவர்கள் உண்டு. அடுத்தவள் அளவு ரவிக்கையைப் போட்டுக்கொண்டு மூச்சு முட்டுகிறதே என்று உன் உடம்பைக் குறை சொல்வாயா? சிரன் என்று பெண்களுக்காகவே கட்டை செதுக்கும் பிராண்டு ஒன்றும் இருக்கிறது. வாங்காவிட்டாலும் ஒரு தடவை தோளில் வைத்துப் பார். வித்தியாசம் என்ன என்று உடம்பு சொல்லிவிடும்.

கடையில் இதைச் செய்யலாம். முதலில் துப்பாக்கி காலியா என்று நீயே திறந்து பார்த்து, கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, பாதுகாப்பான பக்கமாக நில். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டு வா. கன்னம் படிந்ததும் கண்ணைத் திற. குழலின் மேலே ஓடும் ரிப் என்கிற பட்டை நேர்க்கோடாக, கொஞ்சம் மேலெழும்பித் தெரிய வேண்டும். பின்பக்கத்து இரும்பு மட்டும் தெரிந்தால் விளிம்பு தாழ்வு. ரிப் முழுவதும் ரோடு மாதிரி நீண்டு தெரிந்தால் உயரம். இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்ந்து தெரிந்தால் பக்கவாட்டு வளைவு உனக்கு ஒத்துவரவில்லை. ஐந்தாறு தடவை செய். தலையை நகர்த்திச் சரிசெய்துகொள்ள மனம் துடிக்கும், செய்யாதே. நகர்த்தினால் அது உன் பொருத்தம் இல்லை, உன் சமாளிப்பு.

உடுப்பு முக்கியம். ஜூலையில் மெல்லிய டிஷர்ட்டோடு பார்த்து வாங்கிய துப்பாக்கி, ஜனவரியில் கோட்டும் ஸ்வெட்டருமாக நிற்கும்போது அக்குளில் மாட்டும். எப்போதும் சுடப்போகிற வெஸ்ட்டைப் போட்டுக்கொண்டு போ. துப்பட்டா, நீளக் காதணி, கழுத்துச் சங்கிலியெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

காசு செலவழிக்க வேண்டிய இடம்

பெரிய ஷூட்டிங் பள்ளிகளில் ட்ரை கன் என்று ஒன்று வைத்திருப்பார்கள். பார்க்க விகாரமாக இருக்கும். கட்டை முழுக்கக் கீலும் திருகாணியும். நீளம், உயரம், வளைவு, சாய்வு எல்லாவற்றையும் உன் உடம்பில் வைத்தே மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் உன் அளவை எண்களாக எழுதிக் கொடுப்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு வாங்கும் காசு உறுத்தும்தான். ஆனாலும், இந்த விளையாட்டில் கண்ணை மூடிக்கொண்டு செலவழிக்கச் சொல்வேன் என்றால் அது இதற்குத்தான். அந்தச் சீட்டு கையில் இருந்தால் எந்தக் கடையிலும் டேப்பை வைத்து அளந்து பார்க்கலாம். விற்பனையாளரின் "உங்களுக்கு அம்சமா இருக்கு மேடம்" அந்த இடத்திலேயே செத்துவிடும்.

அது முடியாவிட்டால் பேட்டர்ன் பிளேட். வெள்ளையடித்த பெரிய இரும்புத் தகடு. 16 கஜம் தள்ளி நின்று, குறிபார்க்காமல், தட்டைப் பார்ப்பது போலத் தகட்டின் நடுப்புள்ளியைப் பார்த்துக்கொண்டு துப்பாக்கியைத் தூக்கிச் சுட வேண்டும். சில தடவை சுட்டால் ரவை படிந்த கறுப்பு எங்கே திரள்கிறது என்று தெரியும். 16 கஜத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 16 கஜம் என்றால் 576 அங்குலம். கண்ணிலிருந்து குழல் முனைக்கு ஏறக்குறைய 36 அங்குலம். 576-இல் 36, பதினாறில் ஒரு பங்கு. ஆகவே தகட்டில் ஒரு அங்குலம் விலகினால், கட்டையில் 1/16 அங்குலம் திருத்தினால் போதும். நாலு அங்குலம் தாழ்வாகப் படுகிறதா, கன்னம் படியும் விளிம்பைக் கால் அங்குலம் உயர்த்து. கணக்கு அவ்வளவு சுத்தம். தோட்டா மட்டும் ஈய ரவையாக இருக்கட்டும். எஃகு ரவையை இரும்புத் தகட்டில் சுட்டால் திரும்பித் தெறிக்கும்.

ஸ்போர்ட்டர் ரகம் நீ பார்க்கும் புள்ளிக்குச் சற்றே மேலாகச் சுடும், அதுதான் முறை. டிராப் துப்பாக்கி இன்னும் உயரமாகச் சுடும். டிராப்பில் தட்டு உன்னைவிட்டு மேலேறிப் போகும், அதைக் குழலுக்கு மேலே பார்த்துக்கொண்டே சுட வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். இது தெரியாமல் யாரோ மலிவாகத் தருகிறார்கள் என்று டிராப் துப்பாக்கியை வாங்கி, கீழே இறங்கும் தட்டுகளுக்கு மேலேயே சுட்டுக்கொண்டிருப்பார்கள். முதல் துப்பாக்கி ஸ்போர்ட்டராக இருக்கட்டும். ஸ்கீட், டிராப், ஸ்போர்ட்டிங் என்ற பிரிவுகளில் எதில் மனம் ஒட்டும் என்று உனக்கே இன்னும் தெரியாதே.

மைதானத்தில் எப்படிச் சுட்டுப் பார்ப்பது

நல்ல டீலர்கள், மைதானத்தோடு சேர்ந்த கடைகள், சில நேரம் கம்பெனிகளே நடத்தும் டெமோ நாட்கள் என்று வழிகள் உண்டு. சுட்டுப் பார்க்கவே விடமாட்டேன் என்கிற கடையில், பழைய துப்பாக்கி என்றால் நான் அடுத்த கடைக்குப் போய்விடுவேன். புத்தம் புதியது என்றால் அவர்கள் தயங்குவது நியாயம். அதே மாடலை வேறெங்காவது சுட்டுவிட்டு வா.

இரண்டு துப்பாக்கியை ஒப்பிடுவதென்றால் மற்றதெல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே ஸ்டாண்ட், ஒரே தட்டு, ஒரே தோட்டா, ஒரே அளவு சோக். தோட்டாவை நீயே கொண்டு போ. பல மைதானங்களில் ரவைக்குப் பின்னால் பிளாஸ்டிக் அல்லாத அடைப்பு, அதாவது ஃபைபர் வாட் வைத்த தோட்டாதான் அனுமதி என்பதால் முன்பே கேட்டுக்கொள். போட்டிக்கான உச்ச வரம்பு 28 கிராம், ஒலிம்பிக் வகைகளுக்கு 24. எந்தத் தோட்டாவில் பழகினாயோ அதையே எல்லாத் துப்பாக்கியிலும் போடு.

முதலில் உனக்கு நன்றாக வருகிற, சுலபமான தட்டு. உடைப்பதற்காக அல்ல, துப்பாக்கி தோளுக்கு வரும் வழியைக் கவனிக்க. பிறகு குறுக்கே போகும் தட்டு, இடமிருந்து வலம், வலமிருந்து இடம். இங்கேதான் குழலின் நீளமும் எடைச் சமநிலையும் பேச ஆரம்பிக்கும். 28, 30, 32 அங்குலம் என்று வரும். இப்போது எல்லோரும் 32 என்கிறார்கள். நீளக் குழல் ஓட ஆரம்பித்தால் நிற்காமல் ஓடும், அது நல்லது. ஆனால் குட்டையான கட்டையில் 32-ஐ மாட்டினால் எடையெல்லாம் முன்னால் போய்விடும், இடது கை தொங்கிவிடும். சின்ன உடம்புக்காரிகள் 30-ல் ஆரம்பிக்கலாம் என்பது என் எண்ணம். கீல் இருக்கும் இடத்தை விரலில் தாங்கிப் பார், முன்னாலும் பின்னாலும் சாயாமல் நின்றால் நடுநிலை.

பெரட்டா நல்லதா, பிரௌனிங் நல்லதா என்ற சண்டை டீக்கடை அரசியலைவிட நீளமானது. பெரட்டாவின் உடல் தாழ்வானது, ஒல்லியானது. கை சிறியதாக இருந்தால் பிடிக்கும். பிரௌனிங் கொஞ்சம் ஆழமான உடல், கையில் கனமாக அமரும், உதை மென்மையாகத் தெரியும். பிரௌனிங்கின் 525, 725 மாடல்கள் எல்லாம் ஜப்பானில் மிரோகு தொழிற்சாலையில்தான் தயாரானவை, ஆகவே மிரோகு பெயர் போட்டதை மட்டமாக நினைக்காதே. பெரஸி, க்ரீகாஃப் பக்கம் இப்போதைக்கு எட்டிப் பார்க்க வேண்டாம். சுட்டுப் பார்த்தால் ஆசை வரும், ஆசைக்குச் சம்பளம் போதாது.

இன்னொன்று. பரிசோதனையை ஐம்பது தட்டாவது போகும் நாளில் செய். முதல் பத்தில் எல்லாத் துப்பாக்கியும் இனிக்கும். நாற்பதுக்குப் பிறகு கை சோர்ந்து, கன்னம் கட்டையிலிருந்து எழும்ப ஆரம்பிக்கும்போதுதான் எடை உனக்குச் சரியா என்று தெரியும். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று பார். கன்ன எலும்பில் சிவப்பு இருந்தால் விளிம்பு பொருந்தவில்லை, இல்லையென்றால் தலையை அழுத்தி வைக்கவில்லை. நடுவிரல் கணுவில் வலி என்றால் ட்ரிகர் கார்டு இடிக்கிறது, கட்டை குட்டையாக இருக்கலாம். மேல்கையில் நீலம் பாய்ந்திருந்தால் தோள்குழியில் வைக்கவில்லை, நீளக் கட்டைக்கு இது வழக்கம். இந்தக் குறிப்புகளை நோட்டில் எழுது. விற்கிறவர் இவற்றைச் சொல்லமாட்டார்.

உதை பற்றி ஒரு தவறான உபதேசம்

பெண் என்றதும், "உங்களுக்கு 20 போர் போதும், லேசா இருக்கும்" என்பார்கள். போர் என்பது குழல் விட்டத்தின் அளவு, 20 போர் 12 போரைவிடச் சிறியது. அக்கறையோடுதான் சொல்கிறார்கள். கேட்டுக்கொள், உடனே ஒப்புக்கொள்ளாதே. லேசான துப்பாக்கிதான் அதிகம் உதைக்கும். ஒரே தோட்டா எடைக்கு, துப்பாக்கி கனத்தால் உதை குறையும். லேசான 20 போரில் 28 கிராம் போட்டுச் சுடுவதைவிட, மூன்றே முக்கால் கிலோ 12 போரில் 24 அல்லது 21 கிராம் தோட்டா தோளுக்கு எவ்வளவோ மேல். வேகம் ஒன்றாக இருந்தால் 28-லிருந்து 24-க்கு இறங்கும்போது உதையின் சக்தி ஏறக்குறைய கால் பங்கு குறையும். 12 போர் தோட்டாதான் எங்கும் கிடைக்கும், விலையும் பெரும்பாலும் மலிவு. கை நோவு, தோள் நோவு இருக்கிறவர்கள் கேஸில் இயங்கும் செமி ஆட்டோவையும் சுட்டுப் பார்க்கலாம், உதை மெத்தென்று இருக்கும். அது காலி தோட்டாவைப் பக்கத்தில் நிற்பவர்மேல் எறியும், மடக்கித் திறந்து காட்டவும் முடியாது. சில கிளப்புகளில் முகம் சுளிப்பார்கள். அதை நீ பார்த்துக்கொள்.

முதல் நாள் மயக்கம்

புதிய துப்பாக்கியைக் கையில் எடுத்த அன்று எல்லோரும் நன்றாகச் சுடுவார்கள். தட்டு சுடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. பழக்கமில்லாத பொருள் கையில் இருக்கும்போது கவனம் கூடுகிறது, தட்டை உற்றுப் பார்க்கிறோம், குழலைப் பார்க்க மறந்துபோகிறோம். இரண்டு மூன்று வாரத்தில் பழைய பழக்கங்கள் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும், ஸ்கோரும் பழைய இடத்துக்கே வரும். ஆகவே டெமோ நாளில் தட்டுத் தட்டாக உடைந்ததைப் பார்த்து அங்கேயே கார்டை நீட்டாதே. அட்வான்ஸ் கொடுத்து நிறுத்திவைக்கச் சொல்லலாம், நல்ல டீலர் ஒப்புக்கொள்வார். வேறொரு நாள், முடிந்தால் மழையோ காற்றோ இருக்கும் நாளில், மறுபடி போய் அதையே சுடு. தோளுக்கு வந்தபிறகு துப்பாக்கி இருப்பதே நினைவில் இல்லை என்றால் அது உன்னுடையது. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்றைச் சரிசெய்யத் தோன்றினால், எத்தனை உடைந்திருந்தாலும் வைத்துவிட்டு வா.

கூட வரும் ஆள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிளப்பில் பத்து வருடம் சுடும் பெரியவரைக் கூட்டிக்கொண்டு போனால் அவருக்குப் பிடித்த துப்பாக்கியோடு வீடு திரும்புவாய். உன் பயிற்சியாளரைக் கூட்டிக்கொண்டு போ. அவர் பார்க்கப்போவது உன்னை, துப்பாக்கியை அல்ல.

பழையது வாங்கினால்

முதல் துப்பாக்கிக்கு நான் பழையதைத்தான் சொல்வேன். பெரட்டா, பிரௌனிங், மிரோகு எதுவானாலும் ஒழுங்காக வைத்திருந்தால் உன் காலத்துக்கும் உழைக்கும், விற்றாலும் பெரிய நஷ்டம் வராது. சுட்டுப் பார்ப்பதற்கு முன்னால் இதையெல்லாம் பார். முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய துப்பாக்கியை மெல்ல ஆட்டு. கீலில் ஆட்டம் தெரிந்தால் தேய்ந்திருக்கிறது. திறக்கும் நெம்புகோல், புதிதில் நடுவுக்கு வலப்பக்கம் நிற்கும். தேயத் தேய நடுவுக்கு வரும், இடப்பக்கம் தாண்டியிருந்தால் வேலை வைத்திருக்கிறது. குழலைத் தனியாக எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார், பள்ளமோ துருக்குழியோ நிழலாகத் தெரியும். குழலைத் தொங்கவிட்டுச் சுண்டு. மணிச்சத்தம் வந்தால் சரி, அதிர்ந்து கரகரத்தால் ரிப் விட்டிருக்கிறது. கட்டை இரும்போடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவு. கட்டையை யாராவது வெட்டிக் குறைத்திருக்கிறார்களா என்றும் கேள். குறைத்திருந்தால் அவர்களுக்குத்தான் நஷ்டம், உனக்கு அதுவே சரியான அளவாக அமையலாம்.

குழலின் அடியில் உள்ள முத்திரைகளைப் படிக்கச் சொல். லண்டன், பர்மிங்காம் சோதனைச் சாலைகளோ இங்கே அங்கீகரிக்கப்பட்ட வெளிநாட்டுச் சோதனைச் சாலைகளோ போட்ட, செல்லுபடியாகும் முத்திரை இல்லாத துப்பாக்கியை விற்பதே இங்கே குற்றம். ஈய ரவையைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அரசு 2025-இல் அறிவித்திருப்பதால், எஃகு ரவைக்குத் தகுதியா என்றும் பார்த்துவிடு. லில்லிப்பூ வடிவ முத்திரை இருந்தால் அதிக அழுத்த எஃகுத் தோட்டாவுக்கும் சோதித்தது என்று பொருள். சோக்கைத் திருகி மாற்றும் வசதி இருந்தால் இன்னும் நல்லது.

முடிவு செய்துவிட்டாயா, சான்றிதழை எடுத்துக்கொண்டு போ. டீலர் அதில் துப்பாக்கியின் விவரத்தையும் எண்ணையும் எழுதித் தருவார். 7 நாளுக்குள் போலீஸுக்கு நீயும் தெரிவிக்க வேண்டும். சுவரில் போல்ட் போட்ட இரும்புப் பெட்டி துப்பாக்கிக்கு முன்பே வீட்டில் இருக்கட்டும். பெட்டியின் சாவி சான்றிதழ் உள்ளவர் கைக்கு மட்டும்தான் எட்ட வேண்டும். வீட்டுக்காரருக்குச் சான்றிதழ் இல்லையென்றால் சாவி இருக்கும் இடம் அவருக்கும் தெரியக் கூடாது. நகைப்பெட்டிச் சாவி மாதிரி அரிசி டப்பாவில் போட்டு வைக்காதே, அது எல்லோருக்கும் தெரிந்த இடம்.